பாங் வீட்டிலிருந்து ஓர் ஆள்

வட்டார அலுவலக எழுத்தர் கழுதைமேல் ஏறி ஆவ்தோவுக்கு வந்தால், எந்த வீட்டு வாசலில் இறங்கப்போகிறார் என்பது ஊருக்கே தெரியும். அந்த மீனவ ஊரில் படைக்குடி வீடுகள் மூன்றுதான். ஒன்றில் ஆண்வாரிசே இல்லாமல் போய்விட்டது. இன்னொரு வீட்டு ஆள் தெற்கே மலாக்காக் கோட்டையில் உயிரோடு இருந்தான். மிச்சம் பாங் வீடு.

"சுன்மிங் இருக்கானா?" என்று எழுத்தர் கேட்டார்.

"இல்லீங்க. சிப்பி பொறுக்கப் போயிருக்கான். எப்ப வருவான்னு சொல்ல முடியாது" என்றாள் சுன்மிங்கின் அம்மா.

எழுத்தர் தலையைச் சாய்த்துப் பன்றிக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். "அங்க ரெண்டு காலு தெரியுதே. பன்னிக்கு எப்பம்மா செருப்பு வாங்கிப் போட்டீங்க?"

சுன்மிங் வெளியே வந்தான். இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒரு வருடம். மனைவி லியென்யிங் ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

சட்டம் எல்லோருக்கும் மனப்பாடம். பாங் வீடு சக்கரவர்த்திக்கு எந்நாளும் ஒரு படையாள் தர வேண்டும். இருப்பவன் செத்தால் அடுத்தவன் போக வேண்டும். சுன்மிங்கின் பாட்டன் காலத்தில், மேற்குக் கடல்களுக்கு அனுப்பிய அரசாங்கத்து ராட்சசக் கப்பல்களால் கஜானாவுக்கு நஷ்டம், எரித்துவிடலாம் என்று அரசவையில் பேச்சு வந்ததாம். அன்றைய சக்கரவர்த்தி கேட்கவில்லை. மேற்கே மட்டும் போய்க்கொண்டிருந்தவற்றைக் கிழக்கேயும் விட்டார். ஏழு மாதக் கடலுக்கு அப்பால் ஃபூசாங் என்ற தேசம் கிடைத்தது. அங்கே கோட்டைகள் எழுந்தன. கோட்டைகளுக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. அந்த நாட்டிலிருந்து வந்த சர்க்கரைவள்ளிக் கிழங்குதான் இன்று ஃபூஜியென் மாநிலத்துக்கே கஞ்சி. 'ஆளைக் கொடுத்துக் கிழங்கை வாங்கினோம்' என்று ஆவ்தோவில் சொல்வார்கள், எழுத்தர் காதில் விழாதபடி.

போன முறை ஃபூசாங் கோட்டைக்குப் போனவன் சுன்மிங்கின் அண்ணன் வென்காய். பத்து வருடம் ஆகிறது. ஐந்தாம் வருடம் செய்தி வந்தது. மரம் வெட்ட ஆற்றின்மேல் போன நாற்பத்தோரு பேரும் தெப்பம் உடைந்து மூழ்கிவிட்டார்கள், உடல் எதுவும் கிடைக்கவில்லை. அம்மா கடற்கரையில் நின்று அவன் பழைய சட்டையை வீசி வீசி ஆவியைக் கூப்பிட்டாள். கூடத்தில் முன்னோர் பலகைகளுக்குப் பக்கத்தில் அவன் பெயரில் ஒரு புதுப் பலகை வைத்தார்கள். அவன் மனைவி சியூமேய் இரண்டு வருடம் வெள்ளை உடுத்தியிருந்துவிட்டு, பக்கத்து ஊர் உப்பளக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். சாவுத்தாள் தலைநகருக்குப் போய்ச் சுற்றித் திரும்பிவர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அதற்குள் தம்பி வளர்ந்துவிட்டான்.

புறப்படும் நாளில் லியென்யிங் துறைமுகம் வரை நடந்து வந்தாள்.

"போயிட்டு வந்துடறேன்னு மட்டும் சொல்லாதே. பொய் சொல்லிட்டுப் போனா எனக்குக் கோவம் வரும். சும்மா போ" என்றாள்.

அவன் சும்மா போனான்.

ஏழு மாதம். ஏறியவர்களில் செத்துப்போன பதினெட்டுப் பேரைக் கடலில் இறக்கினார்கள். சுன்மிங்குக்கு ஈறு வீங்கி இரண்டு பல் விழுந்தது. கடைசியில் ஒரு காலை, ஆளையே மறைக்கும் பனிமூட்டத்துக்கு நடுவே யோங்ஆன் கோட்டையின் முரசுச் சத்தம் கேட்டது. கப்பலுக்கு வழிகாட்ட ஒரு சிறு படகு வந்தது. அதில் நீர்நாய்த்தோல் குல்லாயும் மேலங்கியும் போட்ட ஒருவன் எழுந்து நின்று, அச்சு அசல் ஆவ்தோ பேச்சில் கத்தினான்.

"ஏய், இடப்பக்கம் பாறைடா! கண்ணு தெரியாத பயலுகளா, வலப்பக்கம் திருப்புங்க!"

முகம் தெரிவதற்கு முன்பே சுன்மிங்குக்குக் குரல் தெரிந்துவிட்டது. தண்ணீரில் செத்தவன் ஆற்று வாயிலேயே காத்திருப்பான், தன் இடத்துக்கு இன்னொருவனை இழுத்துப் போட்டால்தான் அவனுக்கு விடுதலை என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தான் யாருடைய இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்ததும் கப்பல் விளிம்பைவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

கரையில் அந்த ஆளே வந்து முன்னால் நின்றான். தாடி நரைத்திருந்தது. இடது புருவத்துத் தழும்பு அப்படியே இருந்தது.

"யாருடா நீ, என்னைப் பாத்து இப்படி முழிக்கிறே?"

"அண்ணே… நீ செத்துட்டே."

"இங்கயும் அப்படித்தான் சொல்றாங்க" என்ற வென்காய், பிறகுதான் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். போகும்போது தம்பிக்குப் பன்னிரண்டு வயது. "சுன்மிங்? டேய்! நீ எதுக்குடா வந்தே?"

"நீ செத்துட்டேன்னுதான்."

வென்காய் தம்பியின் தலையைப் பிடித்துத் தன் தோளோடு அழுத்திக்கொண்டான். நீர்நாய்த்தோலில் மீன்வாடையும் புகைவாடையும் அடித்தது. ஏழு மாதமாக அழாத சுன்மிங் அதில் முகத்தைப் புதைத்துக் குழந்தை மாதிரி அழுதான். அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்றால் தனக்கு இங்கே வேலை இல்லை, இதே கப்பலில் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் அப்போதே அவனுக்குள் எழுந்துவிட்டது.

வென்காய் கோட்டைச் சுவருக்கு வெளியே மரப்பட்டைகள் வேய்ந்த குடிசையில் இருந்தான். அந்தக் கரைச் சனத்துப் பெண் ஒருத்தி அவனோடு வாழ்ந்தாள். ஹையின் என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தான். இரண்டு பெண்குழந்தைகள். அவள் கொழுந்தனுக்குச் சுட்ட மீனும், கருவாலி மரத்துக் கொட்டையை இடித்துக் காய்ச்சிய கூழும் வைத்துவிட்டு, அவன் விழுந்த பல் இடத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினாள்.

"அம்மா?" என்றான் வென்காய்.

"இருக்காங்க. முட்டிவலிதான். உனக்குப் பலகை வச்சிருக்கோம். வருஷா வருஷம் பன்னிக்கறியும் சேனையும் படைக்கிறோம்."

"பாவிகளா, ஒரு துண்டுகூட இங்க வந்து சேரலையேடா. நான் கொட்டைக்கூழ குடிச்சுக்கிட்டுக் கிடக்கேன்." சிரித்தான். சிரிப்பு அடங்கிய பிறகு, கூழைக் கிளறிக்கொண்டே கேட்டான். "சியூமேய்?"

சுன்மிங் மென்று விழுங்கினான். "உப்பளக்காரர் ஒருத்தரு. நல்ல மனுஷன். ரெண்டு பிள்ளைங்க."

"நல்லது. நானும் இங்க இப்படித்தானே இருக்கேன்" என்றான் வென்காய். அதன்பிறகு அவன் அந்தக் கூழைக் குடிக்கவில்லை.

மறுநாள் இருவரும் கோட்டை எழுத்தர் ஹோங்கிடம் போனார்கள். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் சுன்மிங்குக்குத் திட்டவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

"இவரு என் அண்ணன் ஐயா. உசுரோட இருக்காரு. அப்ப நான் எதுக்கு?"

"இவன் உசுரோட இருக்கிறது எனக்குத் தெரியாதா? போன வாரங்கூட சதுரங்கத்துல மூணு தடவை என்னைத் தோக்கடிச்சான். ஆனா புத்தகத்துல செத்துட்டானே."

"புத்தகத்த மாத்துங்க."

"இது நகல் தம்பி. மூலம் தலைநகரத்துல, படைத்துறைப் பெட்டகத்துல இருக்கு. அங்க மாத்தாம இங்க மாத்தினா என் விரல வெட்டிடுவாங்க."

நடந்தது இதுதான். தெப்பம் உடைந்த வாரம் வென்காய் காய்ச்சலில் படுத்திருந்தான். அவனுக்குப் பதில் வேறொருவன் ஆற்றின்மேல் போனான். அப்போதிருந்த எழுத்தர் கப்பல் கிளம்பும் அவசரத்தில் குழுப் பட்டியலை அப்படியே பார்த்து எழுதி அனுப்பிவிட்டார். வென்காய் எழுந்து உட்கார்ந்தபோது அவனுடைய சாவு கடலில் பத்து நாள் தூரம் போயிருந்தது. திருத்தி எழுதினால் தன் தப்பை ஒப்புக்கொண்டதாகும், பிரம்படி விழும் என்று அந்த எழுத்தர் 'அடுத்த வருஷம், அடுத்த வருஷம்' என்று தள்ளிப்போட்டார். மூன்றாம் வருடம் அவரே போய்ச்சேர்ந்தார்.

"அவரு செத்தது மட்டும் பிசகில்லாம பதிவாகியிருக்கு" என்றான் வென்காய்.

செத்தவனுக்கு அரிசி இல்லை, குளிருக்குப் பஞ்சுச்சட்டை இல்லை, ஊர்திரும்ப அனுமதிச்சீட்டு இல்லை, அவன் பெயரில் ஒரு கடிதம்கூடக் கப்பல் ஏறாது. ஆனால் பாறைகளுக்கு நடுவே கப்பலைக் கொண்டுவர வேண்டுமென்றாலும், கரைச் சனத்தோடு பேச வேண்டுமென்றாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். உயிருள்ளவர்கள் ஒருவருக்கும் அந்தப் பாஷை வராது.

தளபதியிடம் போனார்கள். வயதானவர். மண்டியிட்டுக் கிடந்த இருவரையும் எழுந்திருக்கச் சொன்னார்.

"ஆத்துல போனவங்களையும் நான் மீட்க முடியாது, புத்தகத்துல போனவனையும் மீட்க முடியாது. மனு எழுதி அனுப்பறேன். என்னால ஆனது அவ்வளவுதான்."

"பதில் எப்ப வரும் ஐயா?"

"கப்பல் வருஷத்துக்கு ஒண்ணு. அது போகணும், அவங்க படிக்கணும், திரும்ப வரணும்." விரல்களை மடக்கினார். "மூணு வருஷம்னு வச்சுக்கோ."

கப்பல் திரும்பிப் போகக் காற்றுக்காக நாற்பது நாள் காத்திருந்தது. ஒவ்வொரு நாளும் சுன்மிங் அதைப் பார்த்துக்கொண்டே மரம் சுமந்தான். முப்பதாம் நாள் வென்காய் ஒரு யோசனை சொன்னான்.

"நீ போ. நான் உன் பேருல இங்க நிக்கிறேன். சுன்மிங்னு கூப்பிட்டா நான் ஏன்னு கேக்கறேன். ஹோங் ஐயா கண்ண மூடிக்குவாரு. தளபதியும் எதுவும் கேக்க மாட்டாரு."

"நீ ஊருக்கு வரணும்னு இல்லையா அண்ணே?"

"எனக்கு இங்க ரெண்டு குட்டிங்க இருக்கு. ஊர்ல எனக்கு என்னடா இருக்கு, ஒரு பலகைதானே?" என்றவன், கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். "அம்மாவ ஒருதரம் பாக்கணும்னு இருக்கு. அது இருக்கட்டும். உன் பொண்டாட்டிக்குப் பிள்ளை பொறந்திருக்கும் இந்நேரம். போ."

சுன்மிங் மறுக்கவில்லை. பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை என்பது பிற்பாடு பல நாள் அவனை அரித்தது. இருவரும் கப்பல் மேலாளரிடம் போனார்கள். அவர் சுவான்ஜௌ துறைமுகத்துக்காரர், கடல்காற்றில் தோல் தடித்த மனிதர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கூட்டிட்டுப் போறதுல எனக்கு என்ன நஷ்டம்? ஆனா சுவான்ஜௌல இறங்கும்போது தலை எண்ணுவாங்க. உன்னை யாருன்னு சொல்லட்டும்? பாங் சுன்மிங்னா, நீ ஓடிவந்த படையாள். உனக்கு நூறு அடி. உன்னை விட்டதுக்கு உன் தெருவுல பத்து வீட்டுக்கும் அடி. பாங் வென்காய்னா, நீ செத்துட்டே. செத்தவனை எந்தத் துறைமுகத்துல இறக்கறது, நீயே சொல்லு."

பத்து நாள் கழித்துக் காற்று திரும்பியது. வென்காய்தான் சிறுபடகில் முன்னால் நின்று கப்பலைப் பாறை தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

முதல் வருடக் கப்பலில் லியென்யிங்கின் கடிதம் வந்தது. கோயில் வாசல் எழுத்துக்காரனிடம் சொல்லி எழுதியிருந்தாள். சுன்மிங்குக்கு எழுத்து தெரியாது, ஹோங்தான் படித்தார். ஆண்குழந்தை, பெயர் தேஷுன், கன்னத்தில் சுன்மிங்குக்கு விழுவதுபோலவே குழி விழுகிறது. திரும்பிப்போன மாலுமிகள் வாயிலாக வென்காய் உயிரோடு இருக்கும் சேதி ஊருக்கு வந்துவிட்டது. அத்தை பலகையை எடுத்துவிட்டு, ஆயுசு நீளட்டும் என்று ஊருக்கெல்லாம் நீள நூடுல்ஸ் சமைத்துப் போட்டார். சியூமேய் அக்கா உப்பளத்திலிருந்து வந்து வேலிக்கு வெளியே நின்று அழுதுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனார்.

"கடைசி வரிய இன்னொரு தரம் படிங்க ஐயா" என்றான் வென்காய். ஹோங் படித்தார்.

இரண்டாம் வருடக் கப்பல் தாமதமாக வந்தது. பதில் இல்லை. சுன்மிங் கரைச் சனத்தின் பாஷையில் இருபது வார்த்தை கற்றுக்கொண்டிருந்தான். அண்ணன் மகள்கள் அவனைச் 'சின்னப்பா' என்று கூப்பிட்டு முதுகில் ஏறினார்கள். தன் மகனைத் தூக்கினால் எவ்வளவு கனம் இருப்பான் என்று அவர்களைத் தூக்கிப் பார்த்து மனதுக்குள் அளந்துகொண்டான். தன் அரிசியைப் பாதியாகப் பங்கிட்டு அந்தக் குடிசைக்குக் கொடுத்தான். மனு நியாயமானது, தலைநகரத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள், பதில் வந்தே தீரும் என்று ஹோங் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் அதை நம்பினார். அதனால் சுன்மிங்கும் நம்பினான்.

மூன்றாம் வருடம் பதில் வந்தது. மஞ்சள் உறை, சிவப்பு முத்திரை. தளபதி எழுந்து நிற்க, சகோதரர்கள் மண்டியிட, ஹோங் உரக்கப் படித்தார்.

"மனு ஆராயப்பட்டது. படையாள் பாங் வென்காய் உயிருடன் இருப்பது ஏற்கப்படுகிறது. அவர் பணியில் தொடர்வார். படையாள் பாங் சுன்மிங் முறைப்படி அழைக்கப்பட்டுக் கோட்டைக்கு வந்து சேர்ந்தது ஏற்கப்படுகிறது. அவரும் பணியில் தொடர்வார். எனவே பாங் வீடு தரவேண்டிய படையாட்கள் இனி எந்நாளும் இருவர் எனப் பதியப்படுகிறது. பிழை திருத்தப்பட்டது."

ஹோங் தாளைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வேறு ஒன்றும் இல்லை.

பிறகு சுன்மிங் கேட்டான். "எங்கள்ல ஒருத்தர் செத்தா?"

"உங்க வீட்டிலேருந்து அடுத்த ஆள்" என்றார் ஹோங்.

"வீட்டுல இருக்கிற ஒரே ஆம்பளை என் பையன். மூணு வயசு."

"பதினாறு ஆகிறவரைக்கும் விடுவாங்க."

"அண்ணனோட பிள்ளைங்க இங்க இருக்கே?"

"பொண்ணுங்க. அதுவுமில்லாம, இங்க பொறந்ததுங்களுக்குப் பதிவே கிடையாது."

"சரி. நாங்க ரெண்டு பேருமே செத்துட்டா? ஒரு பையன் ரெண்டு இடத்துல எப்படி ஐயா நிப்பான்?"

ஹோங் தலையைக் குனிந்துகொண்டார். "அதுக்கு இன்னொரு மனு போட்டுப் பாக்கலாம்" என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"வேண்டாங்கய்யா" என்றான் சுன்மிங் பதறி. "உங்களுக்குப் புண்ணியமா போகும். மனு மட்டும் போடாதீங்க."

தளபதி உள்ளே போனார். அன்று பகலிலேயே வென்காய்க்குப் பஞ்சுச்சட்டையும் ஒரு மாத அரிசியும் அளந்து கொடுத்தார்கள். அவன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். தம்பி பின்னால் நடந்தான். குடிசைக்குப் போகும் வழியில் பாதி தூரத்தில் வென்காய் மூட்டையை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தான்.

"அந்தத் தெப்பத்துல நானே போயிருக்கலாம்டா."

"போயிருந்தாலும் நான் இங்க வந்துதான் இருப்பேன்."

"ஒருத்தன் கடனோட தீந்திருக்கும்ல?"

"ஆமா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான் சுன்மிங். "நீ உசுரோட இருந்ததாலதான் ரெண்டாச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. கோபிக்கவும் இல்லை. உண்மைதானே என்பதுபோல மெல்லத் தலையாட்டினான். சுன்மிங்குக்கு அவன் காலில் விழ வேண்டும்போல இருந்தது. விழவில்லை. பக்கத்தில் போய் மூட்டையின் இன்னொரு முனையில் உட்கார்ந்தான். இருவரும் வெகுநேரம் அரிசிமேல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மூட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஹையின் அரிசியைப் பார்த்ததும் கைகொட்டினாள். குழந்தைகள் வெறும் அரிசியையே வாயில் போட்டு மென்றார்கள். எதற்காகக் கிடைத்தது என்று வென்காய் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பிற்பகலில் ஹோங் சுன்மிங்கைக் கூப்பிட்டனுப்பினார். அதே கப்பலில் லியென்யிங்கின் கடிதமும் வந்திருந்தது. ஹோங் மெதுவாகப் படித்தார்.

"இங்கு எல்லோரும் நலம். தேஷுன் நன்றாக ஓடுகிறான், பன்றிகளைத் துரத்துகிறான். போன மாதம் வட்டார அலுவலக எழுத்தர் வந்தார். இம்முறை அதட்டவில்லை. தேஷுனை மடியில் உட்கார வைத்து, அவனுக்கு எள்ளுருண்டை கொடுத்தார். பெயர் கேட்டு ஒரு தாளில் எழுதினார். கீழே இன்னொரு வரியிலும் அதே பெயரை எழுதினார். எதற்கு இரண்டு என்று கேட்டேன். மேலிடத்து உத்தரவு என்றார். அத்தைக்கு ஒரே சந்தோஷம். ஒரு வரி அவன் அப்பா திரும்பி வருவதற்கு, இன்னொரு வரி பெரியப்பா திரும்பி வருவதற்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு எழுத்து தெரியாது. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். அப்படித்தானே?"

அந்த உத்தரவு முதலில் ஆவ்தோவுக்குப் போய்விட்டுத்தான் கடல் ஏறியிருக்கிறது என்பது அப்போதுதான் இருவருக்கும் புத்தியில் பட்டது. ஹோங் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். புதுத்தாள் ஒன்றை விரித்தார், மை அரைத்தார், தூரிகையைத் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார். தூரிகை காய்ந்தது. மறுபடி தோய்த்தார்.

"கப்பல் கிளம்ப நாப்பது நாள் இருக்கு. நாளைக்கு வேணா எழுதலாம்" என்றார்.

"இல்லீங்க. இப்பவே எழுதுங்க." சுன்மிங் மேசைக்குப் பக்கத்தில் நகர்ந்தான். "நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். அண்ணனுக்கு அரிசி கொடுத்துட்டாங்க. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்குன்னு கேளுங்க."

ஹோங் எழுதினார். "அப்புறம்?"

"பையன் பன்னிகிட்ட ரொம்ப நெருங்க வேண்டாம், கடிச்சிடும்னு எழுதுங்க."

எழுதினார். "அப்புறம்? கடைசியா ஒண்ணு கேட்டிருக்காளே. அதுக்கு என்ன எழுதட்டும்?"

சுன்மிங் மேசைமேல் மடித்துக் கிடந்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதை விட்டுடுங்க ஐயா" என்றான். "படிக்கும்போது கவனிக்கலன்னு நெனச்சுக்கட்டும்."